வினா எழுப்பிய தளபதி

நுழையும்முன்

படை என்றவுடன் வாளும் பீரங்கியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், படைக்கும் பள்ளிக்கூடங்கள் உண்டு. அங்கும் ஆசிரியர், மாணவர், பாடநூல், தேர்வு எல்லாம் உண்டு. தமிழகத்தில் பிறந்து, இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்த ஒருவர், வீரர்களுக்குச் சிந்திக்கக் கற்பித்த ஆசிரியராகவும் விளங்கினார். அவர் வாழ்வையும் பணியையும் இப்பாடத்தில் அறிவோம்.

நம் ஊரும் படையும்

லாலாகுடாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, ரயில்வே பணியின் பொருட்டு இங்குக் குடியேறியவை. இங்குள்ள ரயில் பெட்டிப் பணிமனை நிஜாம் ஆட்சிக் காலத்தில் தோன்றியது. அதற்கும் முற்பட்டது அருகிலுள்ள செகந்திராபாத் நகரம். 1806ஆம் ஆண்டு, நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அமைந்த அந்நகரம் ஆங்கிலேயரின் படைக்குடியிருப்பாக வளர்ந்தது. சென்னை மாகாணப் படையைச் சேர்ந்தோர் அங்குத் தங்கினர். அவர்களோடு தமிழும் இம்மண்ணுக்கு வந்தது.

இன்றும் செகந்திராபாத்தில் புகழ்பெற்ற படைக் கல்லூரிகள் உள்ளன. திருமலகிரியில் உள்ள கல்லூரி, படை ஊர்திகளையும் மின்னணுக் கருவிகளையும் பழுதுபார்த்துப் பேணும் பொறியியலைக் கற்பிக்கின்றது. 1970ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாதுகாப்பு மேலாண்மைக் கல்லூரி, முப்படை அலுவலர்களுக்கு மேலாண்மைக் கலையைக் கற்பிக்கின்றது. போரிடுவோருக்குக் கல்வி எதற்கு என்னும் வினாவுக்கு விடையாக அமைந்தது ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜியின் வாழ்க்கை.

செங்கல்பட்டிலிருந்து காங்கோ வரை

சுந்தர்ஜி 1928ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் செங்கல்பட்டில் பிறந்தார். சுந்தரராஜன் என்பது அவருடைய இயற்பெயர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற அவர், பட்டப்படிப்பு முடியும் முன்னரே படையில் சேர்ந்தார். 1946ஆம் ஆண்டு மகார் ரெஜிமெண்டில் அலுவலராகப் பொறுப்பேற்றார்.

மகார் மக்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேய அரசு முன்னர் நிறுத்தியிருந்தது. அவர்களுக்குப் படையின் கதவு மீண்டும் திறக்கவேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் வலியுறுத்தினார். அதன் பயனாக 1941ஆம் ஆண்டு இந்த ரெஜிமெண்ட் உருவாயிற்று. செங்கல்பட்டு இளைஞர் தம் ஊரையும் மொழியையும் சாராத வீரர்களோடு வாழவும் அவர்களை வழிநடத்தவும் அங்குக் கற்றுக்கொண்டார்.

1963ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப்படையில், ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் சுந்தர்ஜி பணியாற்றினார். 1965ஆம் ஆண்டுப் போரில் ஒரு பட்டாலியனுக்குத் தலைமை தாங்கினார். வங்காளதேசம் பிறந்த 1971ஆம் ஆண்டுப் போரில், ரங்பூர்ப் பகுதியில் போர்த்திட்டம் வகுக்கும் உயர் அலுவலராக விளங்கினார்.

கற்பதை விடாத வீரர்

பட்டம் பெறாமல் கல்லூரியை விட்டு வந்தவர், கல்வியை விட்டுவிடவில்லை. நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணிகள் கல்லூரியில் பயின்றார். அமெரிக்காவின் லெவன்வொர்த் கோட்டைப் படைக் கல்லூரியிலும், தில்லியில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கல்லூரியிலும் பயின்றார். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகள் குறித்தும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்புத் துறை குறித்தும் முதுகலைப் பட்டங்கள் பெற்றார்.

சீருடை அணிந்தபின் கற்க வேண்டுவது எதுவும் இல்லை என்று அவர் எண்ணவில்லை. நேற்றைய போரில் வென்ற முறை, நாளைய போரில் வெல்லும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே, படைவீரன் மாறிவரும் உலகத்தை இடைவிடாமல் கற்றல் வேண்டும் என்பது அவர் கருத்து.

காலாட்படைக்குக் கிடைத்த தேர்

பழந்தமிழர் தேர், யானை, குதிரை, காலாள் என நாற்படை வகுத்தனர். இன்று யானையும் குதிரையும் இருந்த இடத்தில் டாங்கிகள் நிற்கின்றன. டாங்கி என்பது தடித்த இரும்புக் கவசமும் பெரிய பீரங்கியும் உடைய ஊர்தி. அது வயல், மணல், மேடு எதுவாயினும் விரைந்து செல்லும். ஆனால், காலாட்படை வீரன் எவ்வளவு விரைந்து நடந்தாலும் டாங்கியோடு ஒத்துச் செல்ல இயலாது. காலாட்படையின் துணை இல்லாத டாங்கியோ, மறைந்திருந்து ஏவுகணை எறிவோருக்கு எளிதில் இரையாகும். 1973ஆம் ஆண்டு நிகழ்ந்த அரபு – இஸ்ரேல் போர் இதனை உலகுக்கு உணர்த்தியது.

1975ஆம் ஆண்டு, இந்தியத் தரைப்படையின் எதிர்காலம் குறித்து ஆராய ஒரு வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் கே. வி. கிருஷ்ணராவ். தெலுங்கு மண்ணில் பிறந்த அவர் பின்னாளில் தரைப்படைத் தலைமைத் தளபதி ஆனார். குழு உறுப்பினருள் ஒருவர் சுந்தர்ஜி. எண்ணிக்கை மிகுந்த படையைவிட, விரைவும் நல்ல கருவிகளும் உடைய படையே எதிர்காலத்தில் பயன்தரும் என்பது அவர்கள் சிந்தனையின் சாரம்.

அச்சிந்தனையின் விளைவுகளுள் ஒன்று, 1979ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் தோன்றிய இயந்திரக் காலாட்படை ரெஜிமெண்ட். பழைய ரெஜிமெண்டுகளிலிருந்து பட்டாலியன்களைத் தேர்ந்தெடுத்து இதனை உருவாக்கினர். 1776ஆம் ஆண்டிலிருந்தே வரலாறு உடைய, மெட்ராஸ் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன், இதன் முதல் பட்டாலியன் ஆயிற்று. நடந்து சென்று போரிட்ட வீரர்கள், கவச ஊர்தியில் ஏறி டாங்கிகளுக்கு இணையாகச் செல்லத் தொடங்கினர். இந்த ரெஜிமெண்ட் உருவாக முதற்காரணமாக இருந்தவர் என்று சுந்தர்ஜியைப் படையினர் போற்றுகின்றனர்.

காலாட்படையில் வளர்ந்த அவரிடம் முதலாம் கவச டிவிஷனின் தலைமையும் ஒப்படைக்கப்பட்டது. டாங்கிப் படையில் பயின்றவர்களே அதுவரை ஏற்றுவந்த பொறுப்பு அது.

இவ்வரலாற்றில் தெலங்கானாவுக்கும் பங்கு உண்டு. ஹைதராபாத்துக்கு அருகில், சங்காரெட்டி மாவட்டம் எத்துமைலாரத்தில், 1984ஆம் ஆண்டு ஒரு படைக்கலத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. இயந்திரக் காலாட்படைக்கு உரிய கவச ஊர்திகள் அங்கு உருவாகின்றன. மூவர் இயக்க, ஏழு வீரர்கள் அமர்ந்து செல்லும் ஊர்தி அது. நீரிலும் மிதந்து செல்லும். வெற்றித்தேர் என்னும் பொருள்பட அதற்குச் ‘சாரத்’ என்று பெயரிட்டனர். நாற்படையிலிருந்து மறைந்த தேர், நம் ஊருக்கு அருகிலேயே புதுவடிவில் பிறந்தது.

அஞ்சல் வழி ஒரு வகுப்பறை

மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் என்னும் ஊர், அம்பேத்கர் பிறந்த ஊர். அங்கு 1971ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட போர்க்கலைக் கல்லூரி, இன்று தரைப்படைப் போர்க் கல்லூரி என்று வழங்குகின்றது. 1980களின் தொடக்கத்தில் சுந்தர்ஜி அக்கல்லூரியின் தலைவராகப் பணியாற்றினார்.

இந்தியா 1974ஆம் ஆண்டு பொக்ரானில் அணுவெடிப்புச் சோதனை நடத்தியிருந்தது. எனினும், அணு ஆயுதம் குறித்துப் படையினர் வெளிப்படையாக ஆராயும் வழக்கம் அன்று இல்லை. அது அரசும் அறிவியலாளரும் மட்டுமே அறியத்தக்க பொருளாகக் கருதப்பட்டது. சுந்தர்ஜி ஒரு வினாவை எழுப்பினார். ‘எதிரியிடம் அணு ஆயுதம் இருந்து, நம்மிடம் இல்லையெனில் நம் படையின் நிலை என்ன? இருவரிடமும் இருந்தால் போரின் இயல்பு எவ்வாறு மாறும்?’ என்பது அவ்வினாவின் கருத்து.

இவ்வினாவுக்குத் தாமே விடையளித்து, அதனை ஆணையாகப் பிறப்பிக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. ஆனால், அவர் அவ்வாறு செய்யவில்லை. படை அலுவலர்களுக்கும் படைசாராத அறிஞர்களுக்கும் வினாக்களை அஞ்சலில் அனுப்பினார். அவர்கள் தத்தம் கருத்துகளை எழுதி அனுப்பினர். பல ஊர்களில் இருந்தோரை அஞ்சலால் இணைத்த கருத்தரங்கு அது. அதில் திரண்ட சிந்தனைகள் 1981ஆம் ஆண்டு ஆய்வுத்தாள்களாக வெளிவந்தன. இந்திய அணு ஆயுதக் கொள்கையின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் அவற்றைச் சுட்டுகின்றனர்.

ஆணையிடும் இடத்தில் இருப்பவர் வினவுவது எளிதன்று. வினவுபவர், தாம் எண்ணாததைப் பிறர் எண்ணியிருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறார். அம்மனப்பாங்கே நல்லாசிரியரின் இயல்பு.

தலைமைத் தளபதி

1986ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுந்தர்ஜி தரைப்படைத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். உடனே படை அலுவலர் அனைவருக்கும் ஒரு கடிதம் எழுதினார். மேலதிகாரியை மகிழ்விக்கப் புகழ்ந்துரைக்கும் முகத்துதியையும், கடமையைவிடப் பதவி உயர்வைப் பெரிதாக எண்ணும் போக்கையும் அக்கடிதத்தில் கண்டித்தார்.

அதே ஆண்டு, அருணாசலப் பிரதேசத்தின் சும்தொரோங் சூ பள்ளத்தாக்கில் சீனப் படையினர் முகாமிட்டனர். சாலை வசதி குறைந்த அம்மலைப்பகுதிக்கு அருகில், ஜிமிதாங் என்னும் இடத்துக்கு வீரர்களை ஹெலிகாப்டர்கள் வாயிலாக விரைந்து அனுப்பினார் சுந்தர்ஜி. இருநாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றபோதிலும் போர் மூளவில்லை. பின்னர்ப் பேச்சுவார்த்தையால் பதற்றம் தணிந்தது.

அவர்மீது எழுந்த வினாக்கள்

வினா எழுப்பியவரின் செயல்கள்மீதும் வினாக்கள் எழுந்தன. 1984ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அமிர்தசரஸ் பொற்கோயிலில் ஆயுதம் ஏந்தியிருந்தோரை வெளியேற்ற அரசு படையை அனுப்பியது. அப்போது மேற்குப் பிராந்தியப் படைக்குத் தலைமை தாங்கியவர் சுந்தர்ஜி. அந்நடவடிக்கையில் வீரர்களும் வழிபட வந்த மக்களும் உயிரிழந்தனர். சீக்கிய மக்களின் உள்ளத்தில் அது ஆறாத புண்ணாயிற்று.

1986ஆம் ஆண்டின் இறுதியில் இராஜஸ்தானில் ‘பிராஸ்டாக்ஸ்’ என்னும் மாபெரும் படைப்பயிற்சி நடைபெற்றது. இது பயிற்சியா, போருக்கான ஆயத்தமா என்று ஐயுற்ற பாகிஸ்தானும் தன் படைகளை நகர்த்தியது. 1987ஆம் ஆண்டு ஜனவரியில் இருநாடுகளும் போரின் விளிம்புக்கே சென்று, பேச்சுவார்த்தையால் மீண்டன.

1987ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்திய – இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை, சில திங்களில் போரில் சிக்கியது. 1990ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அது திரும்புவதற்குள், ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிர்நீத்தனர். ஈழத்தமிழ் மக்களும் பெருந்துயர் எய்தினர். அப்படையை அனுப்பும் முடிவு அரசினுடையது. எனினும், எதிர்ப்பின் வலிமையைப் படைத்தலைமை சரியாகக் கணித்ததா என்னும் வினா இன்றும் எழுப்பப்படுகின்றது.

இவற்றை மறைத்துவிட்டு ஒருவரைப் புகழ்வது வரலாறு ஆகாது. தளபதி ஒருவரின் பிழை, தேர்வுத்தாளில் மதிப்பெண் குறைவதைப் போன்றதன்று. அதற்கு மனித உயிர்கள் விலையாகின்றன. படைவீரருக்குக் கல்வி எதற்கு என்னும் வினாவுக்கு உரிய விடையும் இதுவே.

யானையைத் தடவியோர்

1988ஆம் ஆண்டு ஓய்வுபெற்றபின் சுந்தர்ஜி தொடர்ந்து எழுதினார். 1993ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய ஆங்கில நூல், இந்தியாவும் பாகிஸ்தானும் அணு ஆயுதப் போரில் ஈடுபடுவதாகக் கற்பனை செய்து எழுதப்பட்டது. ‘இந்துஸ்தானத்தின் பார்வையற்றோர்’ என்பது அதன் தலைப்பின் பொருள். பார்வையற்றோர் சிலர் யானையின் காதையும் காலையும் தனித்தனியே தடவி, அதுவே யானை என்று சாதித்த பழங்கதையை அத்தலைப்பு நினைவூட்டுகின்றது. முழு உண்மையை அறியாமல் நாட்டின் பாதுகாப்பை முடிவு செய்யலாகாது என்பதை அவர் உணர்த்த விரும்பினார்.

அணு ஆயுதம் இந்தியாவுக்குத் தேவை என்று கூறிய அவர், அதனை மேன்மேலும் குவிக்கவேண்டும் என்று கூறவில்லை. எதிரி தாக்கத் துணியாதவாறு தடுக்கப் போதுமான சிறிய அளவே போதும். அதற்கு மேல் சேர்ப்பது வீண் என்று வாதிட்டார்.

1998ஆம் ஆண்டு நரம்புநோய் ஒன்று அவரைத் தாக்கியது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் எழுதிவந்த தன்வரலாறு, மறைவுக்குப் பின் நூலாக வெளிவந்தது.

திருவள்ளுவர் படைமாட்சியை 77ஆம் அதிகாரத்தில் கூறுகின்றார். அதற்கு முன்னரே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை 47 முதல் 50 வரை வைத்துள்ளார். ஆராய்தல் முன்னும் படை பின்னும் நிற்கும் அவ்வரிசையை, இயந்திரமும் அணுவும் ஆளும் காலத்துக்கு உரிய பாடமாகக் கற்பிக்க முயன்றவர் சுந்தர்ஜி.

சொற்பொருள்

படைக்குடியிருப்பு – படையினர் தங்கி வாழும் நகர்ப்பகுதி
ரெஜிமெண்ட் – மரபும் பெயரும் உடைய பெரும் படைப்பிரிவு
பட்டாலியன் – ரெஜிமெண்டின் உட்பிரிவு
டிவிஷன் – பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரும்படை
கவசம் – உடலை அல்லது ஊர்தியைக் காக்கும் உறை
முகத்துதி – நேரில் புகழ்ந்து மகிழ்வித்தல்
ஐயுற்ற – சந்தேகம் கொண்ட
மாட்சி – பெருமை, சிறப்பு

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. சுந்தர்ஜி பிறந்த ஊர் __________.
2. இயந்திரக் காலாட்படை ரெஜிமெண்ட் தோன்றிய ஆண்டு __________.
3. சாரத் ஊர்தி உருவாகும் ஊர் __________.
4. படைமாட்சி என்பது திருக்குறளின் __________ஆம் அதிகாரம்.

ஆ. பொருத்துக.
1. வெலிங்டன் – அம்பேத்கர் பிறந்த ஊர்
2. மாவ் – படைப்பயிற்சி
3. பிராஸ்டாக்ஸ் – நீலகிரி
4. ஜிமிதாங் – அருணாசலப் பிரதேசம்

இ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
1. பழந்தமிழர் வகுத்த நாற்படைகள் யாவை?
2. காலாட்படையின் துணையின்றி டாங்கி செல்வதால் நேரும் இடர் யாது?
3. தலைமைத் தளபதியானதும் எழுதிய கடிதத்தில் சுந்தர்ஜி கண்டித்தவை எவை?

ஈ. ஐந்து தொடரில் விடை எழுதுக.
1. அஞ்சல் வழிக் கருத்தரங்கை விளக்குக.
2. ‘தளபதி ஒருவரின் பிழை, தேர்வுத்தாளில் மதிப்பெண் குறைவதைப் போன்றதன்று’ – பாடப்பகுதி கொண்டு விளக்குக.

மொழியை அறிவோம்

காலாள் + படை = காலாட்படை. நிலைமொழியின் ஈற்றில் உள்ள ‘ள்’, வருமொழியின் முதலில் வல்லினம் வரும்போது ‘ட்’ ஆகத் திரிந்தது. அதுபோலவே ‘ல்’ என்பது ‘ற்’ ஆகத் திரியும்.
எடுத்துக்காட்டு: முள் + செடி = முட்செடி; கல் + சிலை = கற்சிலை.

சேர்த்து எழுதுக.
1. நாள் + குறிப்பு = __________
2. சொல் + பொருள் = __________
3. மக்கள் + பண்பு = __________
4. பல் + பசை = __________

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பம் எப்போது, எப்பணியின் பொருட்டு ஹைதராபாத்துக்கு வந்தது? வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்பதற்கு ஐந்து வினாக்கள் எழுதுக. அவர்கள் கூறும் விடைகளைத் தமிழில் தொகுக்க.

2. ‘பள்ளியில் கைப்பேசி வேண்டுமா?’ என்னும் வினாவைத் தாளில் எழுதி, நண்பர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோரிடம் கொடுத்து எழுத்தில் விடை பெறுக. உங்கள் கருத்துக்கு மாறான விடை ஒன்றைத் தேர்ந்து, அதில் நீங்கள் ஏற்கத்தக்கது யாது என்று மூன்று தொடரில் எழுதுக.